எங்கள் கல்யாணச் செலவை நாங்கள்தான் முடிவு செய்வோம்: கோயில் மண்டபக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மண்டப நிர்வாகக் குழுவின் தலைவர் ஐயா, செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இனிமேல் மண்டபத்தைத் தனியாக வாடகைக்கு விடமாட்டோம், ‘கல்யாண பேக்கேஜ்’ எடுப்பவர்களுக்கு மட்டும்தான் ஞாயிற்றுக்கிழமை தருவோம் என்று இந்த ஆண்டு நீங்கள் எடுத்த முடிவை எதிர்த்து இதை எழுதுகிறேன். செயலாளருக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. பொருளாளரிடம் நேரில் பேசியபோது பதில் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோயிலின் பெயரை எழுதவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், எங்கள் சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர்களுக்கு எது என்று தெரியும். டர்பன் பக்கமே ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் இருக்கும் என் தோழிகள் சொல்வதைக் கேட்டால், அவரவர் ஊர் மண்டபத்தை நினைத்துக்கொண்டு படித்தாலும் பெரிய தவறில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை வாடகை 8,500 ராண்ட். மேசை, நாற்காலி, மேடை, சமையலறை எல்லாம் அதற்குள் அடக்கம். இப்போது நீங்கள் கொடுக்கும் தாளில் வாடகை அதே 8,500தான். அதோடு மேடை அலங்காரம், நாற்காலிக்கு உறை, கூரையிலிருந்து தொங்கும் துணி, கலர் விளக்கு என்று 12,500. சாப்பாடு தலைக்கு 160 ராண்ட், குறைந்தது 250 பேருக்கு எடுக்க வேண்டும், ஆக 40,000. மொத்தம் 61,000. ஜெனரேட்டருக்கு 1,800, துப்புரவுக்கு 1,200 தனி. பாதிப் பணத்தை முன்னாலேயே கட்ட வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் அது திரும்பி வராது. கடைசியில் சிவப்பு எழுத்தில், வெளிச் சமையலுக்குக் கண்டிப்பாக அனுமதி இல்லை.

நானும் நான் கட்டிக்கொள்ளப் போகிறவரும் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருப்பது 90,000 ராண்ட். உங்கள் தாளில் கையெழுத்துப் போட்டால் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே நாளில், ஒரே இடத்துக்குப் போய்விடும். தாலி, துணிமணி, ஐயர் தட்சிணை, நோட்டரி கட்டணம், முதல் மாத வீட்டு வாடகை எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 26,000.

அந்தத் தொண்ணூறாயிரம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை எப்படிச் செலவு செய்வது என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். என் அப்பா தையல் ஆலையில் துணி வெட்டுபவராக இருந்தார். தொண்ணூறுகளில் வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து இறங்கியபோது டர்பனில் ஆலைகள் வரிசையாக மூடின, அவருடையதும் மூடியது. இப்போது முதியோர் உதவித்தொகைதான் அவர் வருமானம். மாப்பிள்ளையின் பெற்றோருக்கு வீடு மட்டும்தான் சொத்து. அதை அடமானம் வைத்து மகனுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறோம் என்று அவர்கள் சொன்னபோது நாங்கள் இருவருமே வேண்டாம் என்றோம். எங்கள் கல்யாணம், எங்கள் சம்பளம்.

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் உதவியாளர். மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். என் வேலையிடத்தில் ஜூலு அக்காமார் நடத்தும் ஸ்டாக்வெல்லில் நானும் சேர்ந்தேன். நம் சீட்டு மாதிரிதான், ஆனால் ஏலம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. மாதம் எல்லோரும் போடுவதை முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வார். என் முறை வந்ததும் அந்தப் பணத்தை அப்படியே வங்கியில், முப்பத்திரண்டு நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் மட்டும் எடுக்கக்கூடிய கணக்கில் போட்டேன். கை நீட்டினால் உடனே கிடைக்காத பணம்தான் மிஞ்சும் என்பது என் அனுபவம். அவர் இரவு ஷிப்டுகளைக் கேட்டு வாங்கினார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அவர் வீட்டுப் பின்சுவர் மண்ணோடு சரிந்தது. அதைக் கட்டியெழுப்ப அதுவரை சேர்த்தது பெரும்பாலும் போய், திரும்பத் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். கல்யாணம் தள்ளிப் போனதற்கு அதுதான் காரணம், ஜாதகம் இல்லை. கோயில் வாசலில் விசாரித்தவர்களுக்கும் இதுவே பதில்.

செலவை எங்கெங்கே குறைத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு பிள்ளைகளுக்குப் பயன்படலாம். ஆயாவின் பழைய வளையல் ஒன்றை உருக்கித் தாலி. கூலி மட்டும்தான் செலவு. முகூர்த்தப் புடவை அம்மாவுடையது, ரவிக்கை மட்டும் புதிது. பத்திரிகையை வயதானவர்களுக்கு மட்டும் அச்சடிக்கிறோம், மற்றவர்களுக்கு வாட்ஸப். ட்ரோன் வீடியோ இல்லை, டிஜே இல்லை, ஐந்தடுக்குக் கேக் இல்லை, வாடகைக்கு நீளக் கார் இல்லை. போட்டோ எடுக்க மாமா மகன் இருக்கிறான், அவனுக்கு 4,000. வேண்டாம் என்றுதான் சொன்னான், நாங்கள்தான் வற்புறுத்தினோம். சனிக்கிழமை நலுங்கு வீட்டு வாசலில் டென்ட் போட்டு. காய்கறி எங்கள் ஊர்ச் சந்தையான ‘பங்களாதேஷ் மார்க்கெட்’டில், வெள்ளிக்கிழமை காலையில்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது அழைப்புப் பட்டியல். எங்கள் ஊரில் ஒரு பெரியம்மாவைக் கூப்பிட்டால் ஒரு பஸ்ஸே வரும். அதை 140 பேருக்குக் கொண்டுவர நாங்கள் பட்ட பாடும், அதனால் இன்னும் பேசாமல் இருக்கும் இரண்டு சித்தப்பாக்களும் எங்களுக்குத்தான் தெரியும். இவ்வளவுக்குப் பிறகு நீங்கள் 250 பேருக்குக் குறையக் கூடாது என்கிறீர்கள். வராத 110 பேருக்குத் தலைக்கு 160 ராண்ட் என்றால் 17,600. யாரும் உட்காராத நாற்காலிக்கு உறை போட்டு, அதன் முன்னால் யாரும் சாப்பிடாத சாப்பாட்டை வைக்க அந்தப் பணம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். உண்மையில் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது இதுதான்.

எங்கள் ரோட்டில் ஒரு வீட்டில் கல்யாணமோ சாவோ என்றால் யாரும் யாரையும் அழைக்க வேண்டாம். பெண்கள் கத்தியையும் பலகையையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். முந்தின இரவு வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு, இஞ்சி. விடியுமுன் விறகு அடுப்பு. மசூர்ப் பருப்பும் சோயாவும் போட்ட பிரியாணி, பருப்பு, கேரட் சம்பல், வெள்ளரிக்காய் துருவிப் போட்ட புளித்த மோர், பாயசம். பெரிய பானைகளை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் பானைக்கு வாடகை வாங்குவதில்லை, பற்று இல்லாமல் கழுவித் திருப்பினால் போதும். அரிசி, நெய், மசாலா, காய்கறி எல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்தேன்: 140 பேருக்கு 10,500 ராண்ட், அதாவது தலைக்கு 75. நீங்கள் கேட்பதில் பாதிகூட இல்லை. சமைக்கும் அக்காமாருக்கும் மாமிமாருக்கும் ஆளுக்கொரு புடவை எடுத்துத் தருவதாக இருக்கிறோம். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு என் அம்மா வெங்காயம் உரித்திருக்கிறார், நாளைக்கு நான் உரிப்பேன். இது இலவச வேலை இல்லை, நூறு வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் கொடுக்கல் வாங்கல்.

இந்தப் பெண்கள் உங்கள் சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது என்கிறீர்கள். காரணம் சுகாதாரம். சமையலறைக்கு மாநகராட்சியின் சான்றிதழ் வேண்டும், யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால் பொறுப்பு உங்கள் தலையில் விழும், இதெல்லாம் எனக்கும் புரிகிறது. ஆனால் இப்போது நடப்பது ஆடி மாதம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். அந்தக் கூழை யார் காய்ச்சினார்கள்? புரட்டாசி சனிக்கிழமைகளில் வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு அன்னதானம் சமைப்பது யார்? இதே அக்காமார், இதே சமையலறை, இதே அடுப்பு. அம்மனுக்குச் சமைக்கும்போது சுத்தமாக இருக்கும் கை, என் கல்யாணத்துக்குச் சமைக்கும்போது மட்டும் எப்படி அசுத்தமாகும்? விதிமுறைதான் பிரச்சினை என்றால் அதைச் சொல்லிக் கொடுங்கள்: தலைக்குத் தொப்பி, கை கழுவுமிடம், குளிர்பெட்டியில் வைக்க வேண்டியது எது, பொறுப்பாளர் யார் என்று எழுதி ஒட்டுங்கள். மேற்பார்வைக்கு உங்கள் ஆள் ஒருவரை நிறுத்துங்கள், அவருக்கான கூலியை நாங்கள் தருகிறோம். இதைப் பொருளாளரிடமே சொன்னேன்.

அவர் சொன்ன பதில் இது: “சின்னக் கல்யாணம் நடந்தால் மண்டபத்தின் பெயர் கெடுகிறது. போட்டோவைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் புக் பண்ணுவார்.” அப்புறம், பணம்தான் குறை என்றால் தவணைக்குக் கடன் தரும் ஆளை அறிமுகப்படுத்துகிறேன் என்றார்.

அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் கல்யாணம் பதிவு செய்து வைக்கும் ஒரு கோயிலின் பொருளாளர், இந்த நாட்டுச் சட்டத்தில் கல்யாணமும் கடனும் எப்படிக் கட்டுப்பட்டிருக்கின்றன என்பதைத் தெரிந்து பேச வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் நோட்டரி முன்னிலையில் தனி ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடவில்லை என்றால், இருவரின் சொத்தும் ஒன்றாகிவிடும், இருவரின் கடனும் ஒன்றாகிவிடும். முன்பே வாங்கிய கடனும் அதில் சேரும். கல்யாணத்துக்காக மாப்பிள்ளை வாங்கிய கடனுக்கு மணப்பெண்ணும் பொறுப்பாகிவிடுவார். ஒப்பந்தம் எழுதினால் மட்டும் போதாது, கையெழுத்திட்ட மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவாக வேண்டும். எங்கள் கணக்கில் நோட்டரிக்கென்று பணம் ஒதுக்கியிருப்பது இதனால்தான். நான் பார்த்த எந்தக் கல்யாண பேக்கேஜிலும் இதற்கு ஒரு வரி இல்லை. நாற்காலி உறைக்கு இருக்கிறது.

நீங்கள் கொடுத்த தாளைச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் செய்தேன். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் எல்லோருக்கும் பொருந்தும். லாப நோக்கம் இல்லாத அமைப்பு என்று சொல்லித் தப்ப முடியாது, லாபத்துக்காக நடந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும் என்று சட்டமே சொல்கிறது. அதன் 13ஆம் பிரிவைப் படியுங்கள். ஒன்றைத் தருவதற்கு நிபந்தனையாக, இன்னொன்றையும் என்னிடமே வாங்கு, அல்லது நான் காட்டும் ஆளிடம் வாங்கு என்று கட்டாயப்படுத்தக் கூடாது. விலக்கு உண்டு: சேர்த்து வாங்குவதில் வாங்குபவருக்குக் கிடைக்கும் வசதி, அவர் இழக்கும் தேர்வுரிமையைவிடப் பெரியது என்று நீங்கள் காட்ட வேண்டும், அல்லது அவருக்குப் பண லாபம் இருக்கிறது என்று காட்ட வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனி விலைக்குத் தனியாகவும் தர வேண்டும். தனித்தனி விலை உங்கள் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. தனியாகத் தர மட்டும் மறுக்கிறீர்கள். வசதியும் லாபமும் எங்களுக்கு எங்கே இருக்கிறது என்பதை மேலே இருக்கும் கணக்கைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

முன்பணம் திரும்பாது என்ற வரியும் அப்படித்தான். 17ஆம் பிரிவின்படி முன்பதிவை ரத்து செய்ய எங்களுக்கு உரிமை உண்டு. நியாயமான ஒரு தொகையை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. எவ்வளவு முன்னால் சொன்னோம், அந்த நாளை வேறு ஒருவருக்குக் கொடுக்க உங்களுக்கு வாய்ப்பு இருந்ததா என்பதைப் பார்த்துத்தான் நியாயம் எது என்று முடிவாகும். யாருக்காகப் பதிவு செய்தோமோ அவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ ரத்துக் கட்டணம் ஒரு சதம்கூட வாங்கக் கூடாது. எங்களுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கும் ஒரு வீட்டில், கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளை விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தக் குடும்பம் முன்பணத்தைக் கேட்டு வந்தபோது இந்தக் குழு என்ன சொல்லி அனுப்பியது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள். எனக்குக் கூச்சம் இல்லை.

ஜெனரேட்டர் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2022, 2023இல் ஒரு நாளில் பலமுறை மின்சாரம் போன காலத்தில் அந்த 1,800ஐ யாரும் கேள்வி கேட்கவில்லை, மந்திரத்துக்கு நடுவில் மைக் அணைந்தால் என்னாகும் என்று எல்லோருக்கும் பயம். 2024 மார்ச் கடைசியிலிருந்து மின்வெட்டு பெருமளவு நின்றுவிட்டது, இடையில் சில நாள் எட்டிப் பார்த்ததோடு சரி. ஓடாத ஜெனரேட்டருக்கு டீசல் செலவு எங்கிருந்து வருகிறது? ஓடினால் வாங்குங்கள், தருகிறோம்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கூரை ஒழுகுகிறது. மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், காவலாளி சம்பளம் எல்லாம் ஏறிவிட்டன. 8,500 ராண்டில் கட்டுப்படியாகவில்லை என்றால் வாடகையை ஏற்றுங்கள். 11,000 கேட்டால் தருவோம், வேறு எங்காவது குறைத்துக்கொள்வோம். வாடகை ஏறினால் அந்தப் பணம் முழுவதும் மண்டபத்துக்கு வரும், கூரைக்குப் போகும். பேக்கேஜில் வரும் 52,500 ராண்டில் மண்டபத்துக்கு எவ்வளவு, அலங்காரக்காரருக்கும் கேட்டரிங்காரருக்கும் எவ்வளவு? அந்த இருவரை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? வேறு யாரிடமாவது விலை கேட்டீர்களா? கோயில் உறுப்பினர் என்ற முறையில் இதைத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறது. நான் யார்மீதும் பழி சொல்லவில்லை, கணக்கைத்தான் கேட்கிறேன்.

வேறு இடத்துக்குப் போக வேண்டியதுதானே என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். போகலாம். திருமணச் சட்டம் கேட்பது அதிகமில்லை: பதிவு பெற்ற திருமண அலுவலர், இரண்டு சாட்சிகள், வழிபாட்டுக் கட்டடமோ அரசு அலுவலகமோ வீடோ ஏதாவது ஒன்று, கதவு திறந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு முன்னறையிலேயே தாலி கட்டிவிடலாம். 2020இல் ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இருந்த மாதங்களில் அப்படித்தான் பல கல்யாணங்கள் நடந்தன, அந்தத் தம்பதிகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் சாட்ஸ்வொர்த்தின் ஒட்டுவீடு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். சரிவான நிலம், அடுத்த வீட்டோடு பொதுச் சுவர், வாசலில் இரண்டு கார் நின்றால் மூன்றாவதற்கு இடமில்லை. நூற்று நாற்பது பேர் எங்கே உட்காருவார்கள்? இதற்காகத்தானே மண்டபம் கட்டினார்கள்.

யார் கட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. என் தாத்தா டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாராக்ஸில் பிறந்தவர், நகராட்சியில் தெரு கூட்டியவர். இன வாரியாக மக்களைப் பிரித்துக் குடிவைக்கும் நிறவெறிக் காலச் சட்டத்தின் பேரில் அறுபதுகளில் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களைக் கிளப்பி இந்த மேட்டில் கொண்டுவந்து போட்டார்கள். வந்த இடத்தில் கடை இல்லை, பஸ் இல்லை. கோயில் கட்ட வீடு வீடாகச் சில்லறை வாங்கினார்கள். பின்னால் மண்டபத்துக்கும் அப்படியே, பலகாரம் விற்று, காவடி நாளில் உண்டியல் நீட்டி. அதற்கும் முன்னால் பார்த்தால், 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களில் தொடங்கி, இங்கே வந்த ஒப்பந்தக் கூலிகளுக்கு முதல் ஆண்டில் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. பஞ்சாங்கத்தில் புதன்கிழமை நல்ல முகூர்த்தம் இருந்தும் நாம் இன்றும் ஞாயிற்றுக்கிழமையையே பிடித்துக்கொண்டு நிற்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆடி, புரட்டாசி, மார்கழியைக் கழித்தால் மிஞ்சும் ஞாயிறுகள் எத்தனை என்று உங்களுக்கும் தெரியும், உங்கள் கேட்டரிங்காரருக்கும் தெரியும்.

1913இல் நீதிபதி சியர்லின் தீர்ப்பு நம் முறைப்படி நடந்த கல்யாணங்கள் இந்த நாட்டில் செல்லாது என்ற நிலையைக் கொண்டுவந்தது. அதையும், ஒப்பந்தம் முடிந்தும் இங்கே தங்கியவர்கள்மீது போட்ட மூன்று பவுண்டு வரியையும் எதிர்த்த போராட்டத்தில் நம் பெண்கள் சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோய்வாய்ப்பட்டு, வெளியே வந்ததும் 1914 பிப்ரவரியில் இறந்தாள். வயது பதினாறு. ஆண்டுதோறும் அவள் படத்துக்கு மாலை போடுகிறீர்கள். அந்தக் கல்யாணத்தை இப்போது தவணைக்கு வாங்கிக்கொள் என்கிறீர்கள்.

ஆடம்பரமாகக் கல்யாணம் செய்பவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. வசதி இருக்கிறது, ஆசை இருக்கிறது, செய்யட்டும், நானும் போய் நன்றாகச் சாப்பிட்டு வருவேன். பேக்கேஜ் வேண்டும் என்பவர்களுக்குப் பேக்கேஜ் இருக்கட்டும். அலைச்சல் வேண்டாம், எல்லாம் ஒரே இடத்தில் முடியட்டும் என்று நினைப்பவர்களுக்கு அது உண்மையிலேயே வசதி. எல்லோருக்கும் அதுதான் என்று ஆக்கியதுதான் பிரச்சினை. அதன் விளைவு இப்போதே தெரிகிறது. என்னோடு படித்த ஒருத்தி இரண்டு வருஷமாக நிச்சயம் ஆகி நிற்கிறாள், மண்டபச் செலவுக்குப் பணம் சேர்கிறது, சேர்வதற்குள் விலை ஏறுகிறது. இன்னொருத்தி உள்துறை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோயில் கல்யாணம் பிறகு பார்க்கலாம் என்று இருக்கிறாள். பிறகு எப்போது என்று அவள் மாமியார் என்னிடம் கேட்கிறார், உங்களிடம் கேட்கச் சொன்னேன்.

ஆகவே இந்தக் குழுவிடம் நான் கேட்பது:

மண்டபத்தைப் பேக்கேஜ் இல்லாமல் தனி வாடகைக்கும் தாருங்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. வாடகை எவ்வளவு என்பதை நீங்கள் நியாயமாக முடிவு செய்யுங்கள், எல்லோருக்கும் ஒரே வாடகையாக இருக்கட்டும். 250 பேர் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கையை எடுத்துவிடுங்கள்.

சமையலறையைக் குடும்பத்தாருக்கும் ஊர்ப் பெண்களுக்கும் திறந்துவிடுங்கள். விதிகளை எழுத்தில் தாருங்கள், கடைப்பிடிக்கிறோம். உடைந்த பாத்திரத்துக்கும் அழுக்கான தரைக்கும் தனியாக ஒரு காப்புத் தொகை கேளுங்கள், கட்டுகிறோம்.

ரத்து விதியைச் சட்டத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதுங்கள். எத்தனை நாள் முன்னால் சொன்னால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்பது தாளில் இருக்க வேண்டும். அந்த விபத்துக் குடும்பத்தின் முன்பணத்தை, அவர்கள் மறுபடி வந்து கேட்காமலே, திருப்பிக் கொடுங்கள். ஜெனரேட்டர் கட்டணம் ஓடிய மணிக்கு மட்டும் இருக்கட்டும்.

அலங்காரத்துக்கும் சாப்பாட்டுக்கும் நீங்கள் செய்திருக்கும் ஒப்பந்தங்களை வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் முன் வையுங்கள். கடன் கொடுப்பவர்களை அறிமுகம் செய்யும் வேலையைக் கோயில் அலுவலகத்தில் யாரும் செய்யக் கூடாது என்று ஒரு தீர்மானமும் வேண்டும்.

எங்கள் கல்யாணம் தை மாதத்தில். நாங்கள் கேட்ட ஞாயிறு இன்னும் உங்கள் புத்தகத்தில் காலியாக இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முன்பணம் கட்ட ஆவணிக் கடைசி வரை நேரம் தந்திருக்கிறீர்கள். அதே நாளுக்குள் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். பழைய முறையிலான வாடகைக்குச் சம்மதம் என்றால் முழுத் தொகையையும் அன்றே கட்டுகிறேன். பதில் வராவிட்டால் உங்கள் தாளின் நகலோடு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் போகும். பொதுக்கூட்டத்தில் இதே கேள்விகளை எழுந்து கேட்பேன், எங்கள் ரோட்டுப் பெண்களும் வருவார்கள்.

இப்படிக்கு,
கோயில் பதிவேட்டில் உள்ள உறுப்பினர் ஒருத்தி,
சாட்ஸ்வொர்த், டர்பன்